சின்னக் கார் வாங்கப் போறீங்களா? முதல்ல மூன்று காகிதம் கேளுங்க



குழு ஆரம்பித்த காலத்தில் கடன் கேட்டால் கறவை மாடு, ஆடு, தையல் மெஷின், பெட்டிக்கடை என்றுதான் கேட்போம். இப்போது சில குழுக்களில் கார் பேச்சும் வருகிறது. வீட்டில் ஒருத்தரை வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருக்கு, மகன் ஓட்டிப் பிழைக்கலாம்னு சொல்றான், மகள் வேலைக்குப் போற ஊருக்குப் பஸ் இல்லை. காரணம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒண்ணு இருக்கும். கார் வாங்கணும்னு நினைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு விஷயம். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், ரெண்டு வேளை பால் கறந்து பார்க்கிறோம். பத்து மாட்டு விலை உள்ள காரை வாங்கும்போது மட்டும், ஏ.சி. ரூமில் உட்கார வைத்து ஒரு காபி கொடுத்ததும், நீட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். மாட்டுக்குக் கேட்கிற கேள்வியைக் காருக்கும் கேட்கணும். அதற்குத்தான் இந்தப் பாடம்.

இந்தப் பாடத்தில் நாம் தெரிந்துகொள்வது:

1. ஷோரூம் விலைக்கும் நம் கையை விட்டுப் போகும் பணத்துக்கும் உள்ள வித்தியாசம்.
2. ஒரே காரில் பல ரகம் இருப்பது ஏன், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்.
3. வாரண்டி என்றால் என்ன, எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது.
4. கடன், ஆர்.சி. புத்தகம், குழுப் பணம் ஆகியவற்றில் கவனிக்க வேண்டியது.

இதில் முதல் மூன்று விஷயத்துக்கும் மூன்று காகிதம் உண்டு. விலை விவரம் எழுதிய கொட்டேஷன், ரகங்களின் பட்டியல், வாரண்டி புத்தகம். இந்த மூன்றும் கையில் வராமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. பாடத்தின் சாரம் இதுதான்.

பாடத்தில் வரும் கார் விலைகளும் வட்டி விகிதமும் கணக்குப் பழகுவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. நீங்கள் வாங்கும் அன்றைக்கு உள்ள விலையை ஷோரூமிலும், வட்டியை பேங்கிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் காகிதம்: கொட்டேஷன்

பேப்பரிலும் போர்டிலும் பெரிதாகப் போட்டிருப்பது ஷோரூம் விலை. அந்த விலைக்கு வண்டி ஷோரூமுக்குள்ளேதான் நிற்கும், ரோட்டுக்கு வராது. ரோட்டில் இறங்குவதற்கு ஆகும் மொத்தச் செலவுக்கு 'ஆன் ரோடு விலை' என்று பெயர். நாம் கேட்க வேண்டியது இதைத்தான். அதிலும் மொத்தமாக ஒரே தொகையாகக் கேட்காமல், ஒவ்வொரு வரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லணும்.

என்னென்ன வரிகள் அதில் வரும்?

ஜி.எஸ்.டி.: இது ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கியது. தனியாக இன்னொரு தடவை சேர்த்திருந்தால் விடாமல் கேளுங்கள். 4 மீட்டர் நீளத்துக்குள், 1200 சி.சி.க்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு முன்பு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்த்து 29 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதமாகக் குறைந்தது. அதனால் 2024-ல் வாங்கின பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீங்க. அந்த வரிக் குறைப்பைத் தங்கள் தள்ளுபடி மாதிரி காட்டினாலும் ஏமாறாதீங்க. அது அரசு குறைத்தது. ஷோரூம் தள்ளுபடி என்றால் அதற்கு மேல் குறைப்பதுதான்.

சாலை வரி: இதுதான் பெரிய தொகை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி, 5 லட்சம் வரை விலை உள்ள காருக்கு 12 சதவீதம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 5 லட்சத்தைத் தாண்டினால் தாண்டின தொகைக்கு மட்டும் 13 என்று நினைக்காதீங்க. முழு விலைக்கும் 13 சதவீதம்.

இன்சூரன்ஸ்: புதுக் காருக்கு மூன்று வருட தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸை முதலிலேயே சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது 2018 செப்டம்பரில் இருந்து உள்ள விதி. நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு உள்ளது இது. 1000 சி.சி.க்குள் உள்ள காருக்கு இதன் பிரீமியம் 6,521 ரூபாய் என்று 2022-ல் நிர்ணயித்தார்கள், ஜி.எஸ்.டி. தனி. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு உள்ள இன்சூரன்ஸ் வேறு. அதற்கு கம்பெனிக்குக் கம்பெனி தொகை மாறும். அதை ஷோரூமிலேயேதான் போடணும் என்று கட்டாயம் கிடையாது. வெளியிலும் இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டு, "இந்த விலைக்குத் தர்றீங்களா?" என்று கேளுங்கள். பல நேரம் குறைப்பார்கள்.

பதிவுக் கட்டணம், நம்பர் பிளேட், ஃபாஸ்டேக்: இவை சின்னத் தொகைகள். ரசீது கேட்டால் போதும்.

கையாளும் கட்டணம், ஆக்சசரீஸ் பேக், கோட்டிங்: இங்கேதான் ஆயிரக்கணக்கில் சத்தமில்லாமல் ஏறும். கையாளும் கட்டணம் அரசுக்குப் போவது கிடையாது. "இது என்னத்துக்கு?" என்று கேட்டு எடுக்கச் சொல்லலாம். சீட் கவர், மேட், பெயிண்ட் மேல் பூசும் கோட்டிங் எல்லாம் நம் விருப்பம். வெளியில் கடையில் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரே கார். இரண்டு ரகம். கீழ் ரகம் ஷோரூம் விலை 4,95,000. மேல் ரகம் 5,45,000.

கீழ் ரகம்:
ஷோரூம் விலை 4,95,000
சாலை வரி 12 சதவீதம் 59,400
இன்சூரன்ஸ் 25,000 என்று வைப்போம்
பதிவு, மற்றவை 4,000 என்று வைப்போம்
மொத்தம் 5,83,400

மேல் ரகம்:
ஷோரூம் விலை 5,45,000
சாலை வரி 13 சதவீதம் 70,850
இன்சூரன்ஸ் 27,000 என்று வைப்போம்
பதிவு, மற்றவை 4,000
மொத்தம் 6,46,850

இந்தக் கணக்கை ஒரு ஊக்குநரும் உறுப்பினரும் பேசிக்கொண்டால் இப்படி இருக்கும்:

உறுப்பினர்: அக்கா, ஐம்பதாயிரம்தான் வித்தியாசம்னு ஷோரூம் தம்பி சொன்னாரு. அதுக்கு ஏன் பார்க்கணும், மேல் ரகமே எடுத்துடுங்கன்னாரு.

ஊக்குநர்: மொத்தத்தைக் கழிச்சுப் பாரு.

உறுப்பினர்: 6,46,850-ல 5,83,400 போனா... 63,450 வருது. பதிமூணாயிரம் கூட வருதே!

ஊக்குநர்: ரகம் மாறினதும் வரியும் 12-லிருந்து 13 ஆயிடுச்சு, அதான். சரி, அந்த 63 ஆயிரத்தை ரொக்கமா கட்டப் போறியா?

உறுப்பினர்: எங்கக்கா? லோன்லதான் சேர்க்கணும்.

ஊக்குநர்: 9.5 சதவீத வட்டி, 5 வருஷம்னு வை. அந்த 63,450-க்கு மட்டும் மாசம் 1,333 ரூபாய் தவணை. 60 மாசத்துக்குக் கிட்டத்தட்ட 80 ஆயிரம்.

உறுப்பினர்: ஐம்பதாயிரம்னு சொன்னது எண்பதாயிரமா முடியுதே!

ஊக்குநர்: எண்பதாயிரத்துக்கு என்ன கிடைக்குதுன்னு இப்போ பாரு. தேவையானது கிடைச்சா எடு. பளபளப்புதான்னா வேண்டாம்.

சகோதரிகளே, மேல் ரகம் கூடாது என்று இந்தப் பாடம் சொல்லவில்லை. என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கணும். அவ்வளவுதான்.

இரண்டாவது காகிதம்: ரகங்களின் பட்டியல்

ரகத்துக்கு ஷோரூமில் 'வேரியன்ட்' என்பார்கள். மாருதியில் எல்.எக்ஸ்.ஐ., வி.எக்ஸ்.ஐ., இசட்.எக்ஸ்.ஐ. என்று ஏறுவரிசையில் பெயர் இருக்கும். ஹூண்டாய் கிராண்ட் ஐ10 நியோஸில் எரா, மேக்னா, ஸ்போர்ட்ஸ், ஆஸ்டா போன்ற பெயர்கள். வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கார்தான். உள்ளே உள்ள வசதி மாறும். ஷோரூமில் நிறுத்திக் காட்டுவதும், ஓட்டிப் பார்க்கக் கொடுப்பதும் பெரும்பாலும் மேல் ரகமாக இருக்கும். நாம் பணம் கட்டும் ரகம் வேறாக இருக்கலாம். அதனால் எந்த ரகத்தில் எது உண்டு என்ற அச்சடித்த பட்டியலை வாங்கி, நாம் எடுக்கும் ரகத்துக்கு நேரே பேனாவால் டிக் போட்டு வரச் சொல்லுங்கள்.

பட்டியலில் உள்ளதை மூன்று கூறாகப் பிரித்தால் முடிவு எடுப்பது சுலபம்.

முதல் கூறு, உயிர் காப்பது. ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக், எல்லா சீட்டுக்கும் பெல்ட், பெல்ட் போடாவிட்டால் சத்தம் கொடுக்கும் வசதி. முன்சீட்டு இரண்டுக்கும் ஏர்பேக் இருக்க வேண்டும் என்பது, ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் சேர்த்து, 2021 டிசம்பர் 31 முதல் கட்டாயம். அதனால் கீழ் ரகத்திலும் அது இருக்கும். ஆறு ஏர்பேக் சில மாடல்களில் எல்லா ரகத்திலும் உண்டு, சில மாடல்களில் மேல் ரகத்தில் மட்டும்தான் உண்டு. கேட்டு வாங்குங்கள். விபத்துச் சோதனை செய்து காருக்கு நட்சத்திரம் கொடுக்கும் 'பாரத் என்கேப்' என்ற திட்டம் 2023 அக்டோபர் முதல் நம் நாட்டில் நடக்கிறது. மைலேஜ் எவ்வளவு என்று கேட்கிற மாதிரி, இந்த வண்டிக்கு எத்தனை நட்சத்திரம் என்றும் கேளுங்கள். ஐந்துதான் அதிகபட்சம்.

இரண்டாம் கூறு, தினமும் கை கொடுப்பது. பவர் விண்டோ, எல்லாக் கதவையும் ஒரே சாவியில் பூட்டும் சென்ட்ரல் லாக், டிரைவர் சீட்டை ஏற்றி இறக்கும் வசதி, பின்கண்ணாடி வைப்பர். நம்மில் உயரம் குறைந்தவர்கள் வண்டி ஓட்டப் போகிறார்கள் என்றால் அந்த சீட் வசதி பெரிய உதவி. கிளட்ச் மிதிக்க வேண்டாத ஆட்டோ கியர் வண்டியும் உண்டு. சாதாரண வண்டியைவிட சுமார் 45 முதல் 50 ஆயிரம் கூட வரும். புதிதாக ஓட்டப் பழகும் பெண்களுக்கு இது சுலபம். கம்பெனியே பொருத்தித் தரும் சி.என்.ஜி. வண்டிக்கு இன்னும் அதிகம் கூட வரும். டிக்கியில் சிலிண்டர் இருப்பதால் மூட்டை வைக்க இடம் குறையும். நம் ஊருக்குப் பக்கத்தில் சி.என்.ஜி. பங்க் இருந்து, தினமும் நிறைய ஓட்டம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

மூன்றாம் கூறு, அழகுக்கு. அலாய் சக்கரம், குரோம் பட்டை, பெரிய டச் ஸ்கிரீன், இரண்டு வண்ணப் பெயிண்ட்.

இதில் ஒரு சூத்திரம் உண்டு. பின்னாடி வாங்கிப் பொருத்த முடியாததற்கு இப்போது காசு கொடுங்கள். பின்னாடி பொருத்த முடிவதை இப்போதைக்கு விடுங்கள். ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் ஆட்டோ கியரும் பின்னாடி பொருத்த முடியாது. பாட்டுப்பெட்டி, சீட் கவர், சக்கர மூடி எல்லாம் தீபாவளி போனஸில்கூட வாங்கிக்கலாம்.

வண்டியை எடுக்கும் முன்

வண்டி எந்த மாதம், எந்த வருடம் தயாரானது என்று கேளுங்கள். டிசம்பரில் தள்ளுபடி அதிகம் கிடைக்கும். ஆனால் அடுத்த மாதமே அது போன வருடத்து வண்டி ஆகிவிடும். ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். விற்கும்போது வாங்குபவர் அதைத்தான் பார்ப்பார். பத்து வருடம் வைத்து ஓட்டுவோம் என்றால் டிசம்பர் தள்ளுபடி லாபம். மூன்று வருடத்தில் மாற்றுவோம் என்றால் யோசிக்கணும்.

டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருடம். 1025 என்றிருந்தால் 2025-ம் வருடம் 10-வது வாரத்தில் செய்த டயர். கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருக்கு என்று பாருங்கள். பெயிண்டைப் பகல் வெளிச்சத்தில் சுற்றி வந்து பாருங்கள். ராத்திரியில் டெலிவரி எடுக்க வேண்டாம். இதெல்லாம் பதிவு செய்வதற்கு முன்னால் பார்க்கணும். பதிவு ஆன பிறகு மாற்றித் தரமாட்டார்கள்.

மூன்றாவது காகிதம்: வாரண்டி புத்தகம்

வாரண்டி என்பது, தயாரிப்பில் உள்ள குறையால் ஒரு பாகம் கெட்டுப்போனால் கம்பெனி தன் செலவில் சரிசெய்து தரும் உறுதி. மாருதி 2024 ஜூலையில், முன்பு 2 வருடம் அல்லது 40,000 கி.மீ. என்றிருந்ததை 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. என்று உயர்த்தியது. வேறு கம்பெனிகளின் கணக்கு வேறாக இருக்கலாம். அவரவர் புத்தகத்தில் பாருங்கள்.

'அல்லது' என்ற சொல்லை அடிக்கோடு போட்டுப் படிங்க. வருடம், கிலோமீட்டர் இரண்டில் எது முன்னால் முடிகிறதோ, அன்றோடு வாரண்டி முடிந்தது.

வீட்டு உபயோகத்துக்கு ஒரு நாளைக்கு 20 கி.மீ. ஓடினால் மூன்று வருடத்தில் 21,900 கி.மீ.தான் ஆகும். அவர்களுக்கு மூன்று வருடம் முழுதும் வாரண்டி இருக்கும். ஒரு நாளைக்கு 100 கி.மீ. ஓட்டினால் ஆயிரம் நாளில் 1 லட்சம் முடிந்துவிடும். அதாவது இரண்டு வருடம் ஒன்பது மாதம். ஓட்டிப் பிழைக்க வாங்குபவர்கள் இதைக் கவனிக்கணும். வாடகை வண்டிக்கு வாரண்டி விதி வேறாக இருக்கிறதா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாரண்டி எதற்குச் செல்லாது?

• ஓட ஓடத் தேயும் பொருட்கள்: பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் ரப்பர், பல்பு.
• சர்வீஸில் மாற்றும் ஆயில், ஃபில்டர்.
• விபத்தால் வந்த சேதம். அது இன்சூரன்ஸ் வேலை.
• வெளியில் வயரை வெட்டி ஹாரன், லைட், பாட்டுப்பெட்டி பொருத்தியதால் வந்த கோளாறு. வெளியில் கேஸ் கிட் பொருத்தினாலும் இதே கதிதான்.
• குறித்த காலத்தில் சர்வீஸ் செய்யாமல் விட்டதால் வந்த கோளாறு.

டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைச் செய்த கம்பெனிதான் பொறுப்பு. அந்த வாரண்டி அட்டைகளைத் தனியாகக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

வெள்ளம் பற்றி ஒரு எச்சரிக்கை. 2015-ல் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்று பார்த்தோம். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ஸ்டார்ட் பண்ணினால் இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி இன்ஜினே போய்விடும். அதற்கு வாரண்டி கிடையாது. இன்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை இல்லாவிட்டால் சாதாரண இன்சூரன்ஸிலும் அந்த நஷ்டத்தைத் தர மறுக்கலாம். வண்டியை அப்படியே வைத்துவிட்டு, சர்வீஸ் சென்டருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போன் செய்யுங்கள். தாழ்வான பகுதியில் வீடு இருந்தால் அந்தச் சேர்க்கைக்குக் கேட்கும் கூடுதல் தொகை வீண்செலவு ஆகாது.

இலவச சர்வீஸ் என்றால் கூலி மட்டும்தான் இலவசம். ஆயில், ஃபில்டர் காசு நம்முடையது. ஆனாலும் தேதி தவறாமல் போகணும். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரையும் பில்லும் இருந்தால்தான் நாளைக்கு வாரண்டி கேட்க முடியும். சர்வீஸ் சென்டர் நம் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் வாங்கும் முன்பே பாருங்கள். விலையில் பத்தாயிரம் குறைவு என்று ஒரு காரை எடுத்து, ஒவ்வொரு சின்ன வேலைக்கும் 80 கி.மீ. போய்வந்தால் அந்தப் பத்தாயிரம் பெட்ரோலுக்கே போய்விடும்.

கூடுதல் காசு கட்டினால் வாரண்டியை நாலு, ஐந்து வருடம் என்று நீட்டித் தருவார்கள். பழைய வாரண்டி முடிவதற்குள் கட்டணும். சீக்கிரம் கட்டினால் தொகை குறைவு. வண்டியை நீண்ட நாள் வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு இது நல்லது. மூன்று வருடத்தில் விற்கப் போகிறவர்கள் கட்டும் முன், வாங்குபவர் பேருக்கு அதை மாற்ற முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோளாறு என்று சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, குறையை உங்கள் வார்த்தையில் ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, ஒரு நகல் வாங்குங்கள். எழுதாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீங்க. இரண்டு, மூன்று தடவை அதே கோளாறு வந்தால் அந்த நகல்கள்தான் சாட்சி. சரிசெய்து தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் தீராவிட்டால் நம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 2019-ம் வருடச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். ஷோரூம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை வந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்கணும். சொந்தமாக ஓட்டிப் பிழைக்க வாங்கிய வண்டிக்கும் இந்த உரிமை உண்டு.

கடனும் தவணையும்

நம்ம குழுவில் குறையும் வட்டி என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கட்டக் கட்ட அசல் குறையும், குறைந்த அசலுக்குத்தான் வட்டி. கார் கடனில் சில இடங்களில் 'ஃபிளாட் வட்டி' என்று சொல்வார்கள். கடைசித் தவணை வரைக்கும் முதல் நாள் அசலுக்கே வட்டி போடுவது அது. 4,50,000 ரூபாய்க்கு 7 சதவீத ஃபிளாட் வட்டியில் 5 வருடத்துக்கு வட்டி 1,57,500. மாதத் தவணை 10,125. இதைக் குறையும் வட்டியாக மாற்றிப் பார்த்தால் சுமார் 12.5 சதவீதம். ஆகவே 7 என்ற எண்ணைக் கேட்டு சந்தோஷப்படாதீங்க. 'குறையும் வட்டியில் எத்தனை?' என்று கேளுங்கள்.

தவணை குறைவாக இருக்கட்டும் என்று வருடத்தை நீட்டினாலும் நஷ்டம்தான். அதே 4,50,000, குறையும் வட்டி 9.5 சதவீதம்:

5 வருடம்: மாதம் சுமார் 9,450. மொத்த வட்டி சுமார் 1,17,000.
7 வருடம்: மாதம் சுமார் 7,355. மொத்த வட்டி சுமார் 1,67,800.

மாதம் 2,100 ரூபாய் குறைவதற்கு 50 ஆயிரம் ரூபாய் கூடுதல் வட்டி. ஷோரூம் சொல்லும் கடனை மட்டும் பார்க்காமல், நம் குழுக் கணக்கு இருக்கும் பேங்கிலும் கேளுங்கள். பணத்தை ஷோரூம் பேரில் உள்ள கணக்கில் மட்டும் கட்டுங்கள். விற்பனையாளரின் சொந்த போன் நம்பருக்கு அனுப்ப வேண்டாம். அட்வான்ஸுக்கு ரசீதும், வேண்டாம் என்றால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்ற விவரமும் வாங்குங்கள்.

ஆர்.சி. யார் பேரில்? சாவி யார் கையில்?

பெண்கள் பேரில் கடன் கிடைக்கிறது என்று நம்மைக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். தவணை கட்டாவிட்டால் பேங்க் தேடி வருவது நம்மைத்தான். வண்டி நம் பேரில் இருந்தால் பொறுப்பும் நம்முடையதே. லைசென்ஸ் இல்லாத ஒருத்தர் ஓட்டி விபத்து ஆனால், இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த பணத்தை வண்டி உரிமையாளரிடம் திரும்பக் கேட்கலாம். அதனால் சாவியை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தப்பு. காசு வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவதும் இதில் சேரும். அப்படி ஓட்டும்போது விபத்து ஆனால் நம் வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் தர மறுக்கலாம். ஓட்டிப் பிழைக்கத்தான் வாங்குகிறோம் என்றால், ஆரம்பத்திலேயே மஞ்சள் போர்டு, பெர்மிட், வாடகை வண்டி இன்சூரன்ஸ் என்று எடுங்கள். அதற்கான வரியும் இன்சூரன்ஸ் தொகையும் வேறு. கொட்டேஷனும் வேறாக வாங்கணும்.

கடன் தீர்ந்ததும் பேங்கில் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை ஆர்.டி.ஓ. ஆபீஸில் நீக்குங்கள். பலர் இதை மறந்துவிட்டு, விற்கும்போது அலைகிறார்கள்.

குழுவின் பொறுப்பு

மேல் ரகத்துக்கு ஐம்பதாயிரம் பத்தவில்லை என்றதும் குழுவில் உள்கடன் கேட்பதுதான் வழக்கமாக நடக்கிறது. அது இருபது பெண்களின் சேமிப்பு. கார் தவணையும் உள்கடன் தவணையும் ஒரே மாதத்தில் வந்தால் எது முதலில் தவறும்? பேங்க் தவணையைக் கட்டிவிட்டு, 'அக்கா, அடுத்த வாரம் தர்றேன்' என்று குழுவில்தான் சொல்வோம். அங்கேதான் குழு உடைய ஆரம்பிக்கிறது.

அதனால் கார் சம்பந்தமாக யாராவது உள்கடன் கேட்டால், மூன்று காகிதத்தையும் கூட்டத்தில் கொண்டுவரச் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். மொத்தத் தொகை, மாதத் தவணை, வீட்டு வருமானம் மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டு முடிவு செய்யுங்கள். இதை அந்த உறுப்பினர் மேல் சந்தேகம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஷோரூமில் தனியாகக் கேட்கத் தயங்குகிற கேள்வியை இருபது பேர் சேர்ந்து கேட்கிறோம்.

கூட்டத்தில் செய்து பார்க்க

1. ஒரு காரின் கீழ் ரகம் 4,80,000. மேல் ரகம் 5,20,000. சாலை வரியில் மட்டும் எவ்வளவு வித்தியாசம்?

2. ஒரு நாளைக்கு 80 கி.மீ. ஓடும் காருக்கு 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. வாரண்டி. எது முன்னால் முடியும்?

3. உங்கள் வீட்டுக்குக் கார் வாங்குவதாக வைத்துக்கொண்டு, உயிர் காப்பது, தினமும் கை கொடுப்பது, அழகுக்கு என்று மூன்று பட்டியல் எழுதுங்கள். யார் பட்டியலில் அழகு நீளமாக இருக்கிறது என்று சேர்ந்து பாருங்கள்.

விடைகள்: முதல் கேள்விக்கு, 4,80,000-க்கு 12 சதவீதம் 57,600, 5,20,000-க்கு 13 சதவீதம் 67,600, வித்தியாசம் 10,000 ரூபாய். இரண்டாவது கேள்விக்கு, 1 லட்சம் கி.மீ. ஓட 1,250 நாள் ஆகும். அதற்குள் 3 வருடம் முடிந்துவிடும். மூன்றாவது கேள்விக்கு விடை உங்கள் கையில்.